எத்தனை இலை?

எங்கள் பக்கத்தில் கல்யாண மண்டபம் கேட்டுப் போனால், மேஜைக்குப் பின்னால் இருப்பவர் தேதியைக் கேட்பதற்கு முன்பே "எத்தனை இலை?" என்று கேட்பார். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். முதல் தடவை கேட்டபோது நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா ஐந்நூறு என்றாள், நான் முந்நூறு என்றேன். அவர் எழுநூறு என்று எழுதிக்கொண்டார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, அம்மா அண்டியாபீஸில் முந்திரி உடைக்கிறாள், நான் மார்த்தாண்டத்தில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2023 ஆவணியில் நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை வீடு பூதப்பாண்டி பக்கம். கல்யாணம் மாசியில் என்று பேசிக்கொண்டார்கள். மண்டபம், சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்த்து அன்றைய ஒரு நாள் செலவுக்கு எங்களிடம் இருந்தது ஒன்றே கால் லட்சம். என் சீட்டுப் பணம் பாதி, அம்மாவின் சேமிப்பு பாதி. நகைக் கணக்கு தனி. அதைப் பற்றி நான் இங்கே வாய் திறக்கப் போவதில்லை.

அப்பாவிடமிருந்து பெரிதாக எதிர்பார்க்க முடியாது. மாசியில் ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்துத் தளிர் விடுகிற நேரம், வெட்டு நிறுத்தியிருப்பார்கள். அலைவதற்கு அப்பாவுக்கு நேரம் நிறைய இருக்கும், கையில் பைசா இருக்காது.

முதலில் நாகர்கோவிலில் ஒரு மண்டபம் பார்த்தோம். வாடகை 95 ஆயிரம் என்று போனில் சொன்னார்கள். நம்மால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் அம்மாவுக்கு ஒரு ஆசை. போனதும் மேனேஜர் தண்ணீர் கொடுத்து, ஃபேன் போட்டு, மரியாதையாக ஒரு தாளை நீட்டினார். வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. துப்புரவுக்கு 7,500. மேடை அலங்காரம் அவர்கள் ஆள்தான் செய்ய வேண்டும், குறைந்தது 35 ஆயிரம். கரண்ட் யூனிட் கணக்கில் தனி. ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு 2,500. முன்பணம் 25 ஆயிரம், திரும்பக் கிடைக்கும், ஆனால் "சேதாரம் போக". அந்தத் தாளின் ஓரத்திலேயே கூட்டிப் பார்த்தேன். கரண்டையும் ஜெனரேட்டரையும் முன்பணத்தையும் சேர்க்காமலே 1,54,600. ஒரு இலை விழுவதற்கு முன்னாலேயே எங்கள் மொத்தப் பணமும் போய், மேலும் கடன். அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த மண்டபத்துக்குப் போனாலும் வாடகையைக் கேட்கவில்லை, அந்தத் தாளில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். "நீங்க பில்டிங் வாங்க வந்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒன்று 40 ஆயிரத்துக்குக் கிடைத்தது. கூடுதல் கட்டணம் எதுவும் பெரிதாக இல்லை. மேடை நன்றாக இருந்தது, கார் நிறுத்த இடம் இருந்தது. அம்மாவுக்குப் பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்துவிட்டாள். அப்போது சாப்பாட்டு ஹாலைப் பார்த்துவிடலாம் என்று தம்பி உள்ளே போய், பெஞ்சை எண்ணிக்கொண்டு வந்தான். ஒரே நேரத்தில் நூறு பேர்தான் உட்காரலாம்.

இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சாப்பாடு பிளேட்டில் வாங்கி நின்றுகொண்டு சாப்பிடுகிற விஷயம் இல்லை. இலை போட்டு, உப்பேரி, இஞ்சிக்கறி, நாரங்காய், கிச்சடி, அவியல், எரிசேரி, துவட்டல் என்று ஒவ்வொன்றாக விளம்பி, பருப்பும் நெய்யும் பப்படமும், பிறகு சாம்பார், புளிசேரி, நடுவில் இரண்டு பாயாசம், கடைசியில் ரசமும் மோரும். அவசரப்படுத்தினாலும் ஒரு பந்தி எழுந்திருக்க அரை மணி நேரம். இலை எடுத்து, மேஜை துடைத்து, மறுபடி இலை போட இன்னும் பத்து நிமிடம். ஐந்நூறு பேர் வந்தால் ஐந்து பந்தி, மூன்று மணி நேரம் இருபது நிமிடம். பதினோரு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தால் கடைசி இலை எடுத்துத் துடைக்கும்போது இரண்டு இருபது. அங்கே மூன்று மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும், சாயங்காலம் வேறொரு வரவேற்பு. போதாததற்கு நம் ஆட்கள் யாரும் பதினோரு மணிக்கு வரமாட்டார்கள். எல்லோரும் பன்னிரண்டரைக்கு வந்து, பந்தி நடக்கும்போதே உட்கார்ந்திருப்பவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பார்கள். இன்னொருவர் மூச்சு நம் பிடரியில் பட, பாயாசம் குடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

அம்மா பையை மூடினாள்.

வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டுவிடலாம் என்றார் அப்பா. அவர் கல்யாணம் அப்படித்தான் நடந்ததாம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும், துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது, ஆனால் மாசியில் பயமில்லை. எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. பந்தல்காரர் வந்து பார்த்து, தரையைச் சமப்படுத்த மண் அடிக்க வேண்டும் என்றார். நாற்காலி, மேஜை, தற்காலிகக் கக்கூஸ், தண்ணீர் என்று அவர் சொல்லச் சொல்ல, அது ஒரு மண்டப வாடகையைத் தாண்டியது. பஞ்சாயத்து சமுதாய நலக்கூடம் ஒன்றும் பார்த்தோம். வாடகை மலிவுதான், கழிவறைக்குக் கதவு இல்லை.

இப்படியே ஐப்பசி முடிந்தது. வழி கிடைத்தது அண்டியாபீஸில். அம்மாவோடு உட்கார்ந்து அண்டி உடைக்கிற ஒரு கிறிஸ்தவ அக்கா, அம்மா புலம்புவதை நாலு நாள் கேட்டுவிட்டு ஐந்தாம் நாள் சொன்னாளாம்: "எக்கா, மாசின்னா எங்களுக்கு நோம்பு காலம்லா? நோம்பு தொடங்கியாச்சுன்னா எங்க கோயில்ல யாரும் கல்யாணம் வைக்க மாட்டாவ. ஹாலு பூட்டித்தான் கெடக்கும். போய்க் கேளுங்க."

வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினேன். 2024-ல் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் பிப்ரவரி 14. மாசி பிறப்பதும் அதே வாரம். ஈஸ்டர் மார்ச் 31. ஆக எங்கள் முகூர்த்த மாதம் முழுக்க அவர்களுடைய தவக்காலம். எல்லா மண்டபத்திலும் மாசி முகூர்த்தத்துக்கு அடிதடி, பங்குக் கோயில் ஹால்கள் மட்டும் காலி. இத்தனை வருஷம் இந்த மாவட்டத்தில் இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தோம். வாடகை 12 ஆயிரம், முன்பணம் 5 ஆயிரம், கரண்ட் மீட்டர் பார்த்துத் தனி. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பூசையும் மறைக்கல்வியும் இருக்கிறது. குடி கூடாது, இறைச்சி கூடாது, பாட்டுக் கச்சேரி கூடாது. இறைச்சி எங்களுக்கும் இல்லை, கச்சேரிக்குப் பைசாவும் இல்லை. சாப்பாட்டு ஹாலில் 160 பேர் உட்காரலாம், இதைத் தம்பி கேட்பதற்கு முன்பே நான் எண்ணிவிட்டேன். கடைசியாக அப்பா கொஞ்சம் தயங்கி, "குத்துவிளக்கு ஏத்தலாமா ஃபாதர்?" என்று கேட்டார். "ஏத்துங்க. எண்ணெய் தரையில கொட்டாமப் பாத்துக்கிடுங்க. போன தடவை ஒருத்தர் வழுக்கி விழுந்துட்டார்" என்றார். ஆக நாங்கள் முதல் ஆள் இல்லை.

தாலி கட்டுவது குமாரகோவிலில் என்று முடிவு செய்தோம். வேளிமலை அடிவாரத்தில் முருகன் வள்ளியைக் கல்யாணம் செய்த இடம் என்பதால் எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் அங்கேதான். அதற்கும் அப்பாவிடம் ஒரு விளக்கம் இருந்தது. "கன்னியாகுமரி அம்மனுக்குக் கல்யாண நேரம் தப்பி, சமைக்க வச்ச அரிசியெல்லாம் மணலாப் போச்சு. இங்க முருகனுக்கு ஒழுங்கா நடந்துச்சு. நாம நடந்த எடத்துக்கே போவோம்." இரண்டு பேருடைய ஆதார், வயதுச் சான்று, போட்டோ கொடுத்து முன்பே பதிவு செய்தோம். முகூர்த்த நாளில் வரிசையாக ஜோடிகள் நிற்பார்கள், நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மட்டும் மனமில்லை. "தாலி ஒரு கோயில், சாப்பாடு இன்னொரு கோயிலா?" என்றார். அவரிடம் நான் பேசவில்லை. மாப்பிள்ளை பேசினார். என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

இடம் கிடைத்த பிறகுதான் பெரிய சண்டை, இலையைக் குறைப்பதில். அப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. யார் கல்யாணத்துக்கு எவ்வளவு சுருள், அதாவது மொய், கொடுத்தார் என்று வருஷக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார். நூறு, ஐம்பது, ஒரு இடத்தில் வெறும் இருபது ரூபாய். "இவனுக்கு நான் செஞ்சிருக்கேன், கூப்பிடாம இருந்தா அவனுக்குத்தான் சங்கடம்" என்பார் ஒவ்வொரு பெயருக்கும். அழைப்பிதழ் மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவருக்கு அது வரவு செலவு. கணக்கு எழுதுகிறவள் நான், எனக்கே அது புரிய இரண்டு நாள் ஆனது. அப்புறம் ஒரு வழி செய்தோம். ஊர்க்காரர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும், சுருள் வைக்கிறவர்கள் அங்கேயே வைக்கட்டும். நாலாயிரத்துச் சொச்சத்தில் அது முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு 450 இலை என்று வந்து நின்றோம். என் கடை ஆட்களைக் கூப்பிடவில்லை. இன்னும் இரண்டு பேர் அந்தக் கோபத்தில் இருக்கிறார்கள்.

சமையலுக்கு இலைக்கு 170 ரூபாய். பாத்திரம், விளம்புகிற ஆட்கள், அடுப்பு எல்லாம் சமையல்காரர் பொறுப்பு. கூடுதல் ஐட்டம் சொல்லி அவர் என்னை மயக்கப் பார்த்தார். பைனாப்பிள் கிச்சடி வேண்டாம் என்றேன், இரண்டாவது பாயாசத்தை வெட்ட அம்மா விடவில்லை. பூவுக்குச் சித்தப்பா மகன் விடிவதற்கு முன்பே தோவாளைச் சந்தைக்குப் போய்விட்டான்.

அன்று எல்லாம் சரியாகப் போனது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது பந்தி உட்காரும்போது கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. ஹாலின் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்க மறந்திருந்தேன். அந்த நாகர்கோவில் தாளில் இல்லாத ஒரே விஷயம் அதுதான். வாசலில் மணப்பெண்ணாக நின்றுகொண்டே டேங்கர்காரருக்குப் போன் போட்டேன். அவர் வர நாற்பது நிமிடம். அதுவரை தம்பியும் அவன் நண்பர்களும் பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறைத்துக் குடம் குடமாகக் கொண்டு வந்து, கை கழுவ ஊற்றிக் கொடுத்தார்கள். வந்தவர்கள் 450-ஐத் தாண்டிவிட்டார்கள். சமையல்காரர் சாம்பாரையும் சோற்றையும் எப்படியோ சமாளித்தார், போளியும் பால் பாயாசமும் தீர்ந்தது. குமாரகோவிலில் சாமி கும்பிட்டுவிட்டு நிதானமாக வந்த பெரியப்பா அந்தக் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். அவருக்குக் கிடைத்தது சிறுபயறுப் பாயாசமும் ஒரு மட்டிப்பழமும்.

கணக்கு இது: ஹால் 12,000, கரண்ட் 1,140, துப்புரவு 1,500, சாப்பாடு 76,500, வண்டிகள் 9,000, பூவும் மேடையும் 6,500, தண்ணீர் டேங்கர் 900. மொத்தம் 1,07,540. குமாரகோவில் கட்டணமும் முந்தின நாள் சாயாவும் இதில் இல்லை. அதையும் சேர்த்தாலும் ஒன்றே கால் லட்சத்துக்குள்தான். முன்பணத்தில் ஒரு டியூப் லைட்டுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையிலேயே கொடுத்தார்கள். குமாரகோவில் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தோம். 2009-ஆம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த ரசீதையும் அழைப்பிதழையும்தான் முதலில் கேட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்ததும், எங்களுக்கு வழி சொன்ன அந்த அக்காவின் மகளுக்கும் கல்யாணம் கூடி வந்தது. தேதி சித்திரையில். அவர்களுடைய சொந்தக் கோயில் ஹாலே அந்த மாதம் முழுக்க நிறைந்துவிட்டதாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா அவளோடு மண்டபம் பார்க்கப் போகிறாள். நாகர்கோவில் தாளை என்னிடமிருந்து வாங்கி, அதன் கடைசியில் தன் கையெழுத்தில் "தொட்டி எத்தன லிட்டர்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.