எங்க திண்ணைல நாலு பாஷை

கொரோனால படிப்பு விட்டுப்போன புள்ளைங்களுக்கு தன்னார்வலர்கள வெச்சு சாயங்கால வகுப்பு நடத்துற அரசுத் திட்டம், இல்லம் தேடிக் கல்வி, 2021ல ஆரம்பிச்சப்ப நானும் பேரு குடுத்தேன். டிகிரி முடிச்சிட்டு வீட்லதானே இருக்கோம், சாயங்காலம் ஒண்ணு ஒன்ற மணி நேரம், மாசம் 1000 ரூபா, எல்லாம் நம்ம தெரு புள்ளைங்கதானேன்னு. எங்களுது சைதாப்பேட்டை, மெட்ராஸ் சைதாப்பேட்டை இல்லீங்க, வேலூர்லயும் ஒண்ணு கீது. பாய் போட்டு உக்கார வெச்சா பாதி புள்ளைங்களுக்கு மேல வீட்ல உருது, கொஞ்ச பேருக்கு தெலுங்கு, மிச்சம் தமிழ், அப்புறம் பாபுராவ் தெரு லாட்ஜ்ல வேல பாக்குற ஒருத்தரோட பையன், அவங்க வீட்ல பெங்காலி. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள நம்பி காந்தி ரோடு பூரா பெங்காலில போர்டு வெச்சிருக்கிற ஊரு இது, அதனால யாரும் ஆச்சரியப்படல.

வெளியூர் சொந்தக்காரங்கதான் "உங்க ஊர்ல வேற பாஷைக்காரங்க ஜாஸ்தி வந்துட்டாங்களே"ம்பாங்க. எங்க வந்தாங்க? 1911 வரைக்கும் எங்க வேலூர் இருந்த வடாற்காடு ஜில்லாவுக்கு தலைநகரே, இப்ப ஆந்திராவுல இருக்கிற சித்தூர்தான். காட்பாடி, குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசுறவங்க இருந்த எடத்துலயேதான் இருக்காங்க, பார்டர்தான் நடுவுல வந்துச்சு. உருதும் ஆற்காடு நவாப் காலத்துலேர்ந்து இங்க இருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். நாலாவது படிக்கிற ஒரு பொண்ணு, ஸ்கூல்ல கணக்குல வீக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நான் போர்டுல வெறும் நம்பரா எழுதிக் குடுத்தா டக்கு டக்குன்னு போட்டுட்டு ஓரக்கண்ணால பக்கத்து நோட்டயும் திருத்துறா. அதே கணக்க ஒரு கூடையில இத்தனை மாம்பழம், இத்தனை அழுகிப்போச்சுன்னு ரெண்டு வரி கதையா குடுத்தா பென்சில கடிச்சிகினு உக்காந்துடுவா. வாய்விட்டு படிக்கச் சொன்னா தப்பில்லாம படிக்கிறா, எழுத்தெல்லாம் தெரியும், என்ன படிச்சோம்னு மட்டும் தெரியாது. இவ வீக்கா? இவ வீட்ல பேசுறது உருது, அதுல நூறு வரைக்கும் எண்றது நம்ம மாதிரி இருபத்தி ஒண்ணு இருபத்தி ரெண்டுன்னு சொல்லிக்கினே போற சமாச்சாரம் கெடையாது, கிட்டத்தட்ட ஒவ்வொரு நம்பரையும் தனியா மனப்பாடம் பண்ணணும், அத ஒண்ணு விடாம சொல்றா. உருது நோட்ட வலது பக்கத்துலேர்ந்து தொறந்து எழுத்த வலமிருந்து இடமா எழுதிட்டு, அதே வரில நம்பர் வந்தா மட்டும் இடமிருந்து வலமா எழுதுறா. எனக்கு ஒரு திசைல எழுதவே கோடு கோணலா போவும்.

பெங்காலி பையன் கத வேற. வந்த புதுசுல வாயே தொறக்கல, அப்புறம் கூட கிரிக்கெட் ஆடுற பசங்ககிட்ட கடகடன்னு பேச ஆரம்பிச்சான், நான் சந்தோஷமா கிட்ட போய் கேட்டா அத்தனையும் உருது! அவங்க அப்பா வீட்ல கொஞ்சம் இந்தி பேசுவாராம், அதனால இது சீக்கிரமா ஒட்டிக்கிச்சு, பாவம் அதுதான் தமிழ்னு நெனச்சிகினு இருந்திருக்கான்.

2006ல தமிழ் கற்றல் சட்டம் வந்து ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து படிப்படியா எல்லாருக்கும் தமிழ் கட்டாயம் ஆச்சு. அது சரின்னுதான் நான் சொல்வேன், இந்த ஊர்ல பொழைக்கணும், அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதணும்னா தமிழ் தாள்ல பாஸாகியே ஆகணும். ஆனா சொல்லிக் குடுக்கிற வெதம்தான் ஒதைக்குது. வீட்ல அம்மாகிட்ட தமிழ் பேசிட்டு வர்ற புள்ளைக்குன்னு எழுதின பாடத்த வீட்ல ஒரு வார்த்த தமிழ் கேக்காத புள்ளைக்கும் அப்படியே நீட்டுறோம். மொதல்ல காது, வாய், அப்புறம்தான் எழுத்துன்னு போகணும், இங்க நேரா எழுத்துல ஆரம்பிச்சு டிக்டேஷன்ல முடிக்கிறோம். இன்னும் சொல்லப்போனா "இன்னாமே, சாப்ட்டுகினு கீறியா"ன்னு பேசுற எங்க தமிழ் வீட்டு புள்ளைங்களே புத்தகத் தமிழ்ல தடுக்கி விழுதுங்க, ஆனா அதுங்கள யாரும் தமிழ் தெரியாதவங்கன்னு சொல்றதில்ல.

இப்ப என் கிளாஸ்ல கணக்குக் கதைய மொதல்ல நடிச்சுக் காட்டணும், யார் வேணா எந்த பாஷைல வேணா பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வெளக்கலாம், விடை சொல்றப்ப மட்டும் தமிழ்ல ஒரு முழு வாக்கியம். ஒரே சந்தக்கடை சத்தம்தான், எதிர் வீட்டு தாத்தா ஜன்னல சாத்திக்கிறார்.

இதுக்கு மொதல்ல எதிர்ப்பு சொன்னதே அந்த நாலாவது பொண்ணோட அம்மாதான். "உருதுதான் வீட்லயே பேசறாளே டீச்சர், உங்ககிட்ட அனுப்புறதே தமிழுக்குதான், இங்கயும் அதே பேச வுட்டா எப்படி?"ன்னாங்க. கேக்கறது நியாயம்தான். ஒரு மாசம் பாருங்கக்கா, அப்புறம் நீங்க சொல்ற மாதிரி செய்றேன்னு சொல்லி அனுப்பினேன். மாசம் முடிஞ்சுது, கதைக் கணக்கு இப்ப பாதிக்கு மேல வருது, அந்தக்கா இன்னும் ஒத்துக்கல, பொண்ண மட்டும் நிறுத்தாம அனுப்பிகினு இருக்காங்க.