பிறை பார்த்து லீவு போடுகிற குடும்பம்

எங்கள் வீட்டில் கடற்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவதென்றால், காலண்டரில் முதலில் தேடுவது பிறையைத்தான். பள்ளி விடுமுறை அப்புறம். இது அப்பா எனக்குப் பழக்கிவிட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அரை நிலா நாட்களில் இரண்டுமே மந்தம். தூண்டில் போடுகிறவருக்குத் தண்ணீர் ஓட வேண்டும். அது ஓடினால்தான் மணலில் கிடக்கும் இரை கிளம்பும், இரை கிளம்பினால்தான் மீன் ஒதுங்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவருக்கோ தண்ணீர் அடக்கமாக இருக்க வேண்டும். நான் தூண்டில் போடுகிறவள், இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவளும் நானே. அதனால் பௌர்ணமி முடிந்து நாலைந்து நாள் விட்டுக் கிளம்புவது வழக்கம். இந்த முறை பள்ளி விடுமுறையும் அதோடு ஒத்துவந்தது. என் வீட்டுக்காரர் அதையே ஒரு பெரிய அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கடல் பிடிக்கும், தூண்டில் பிடிக்காது. கூடாரமும் அடுப்பும் அவர் பொறுப்பு. தூண்டிலும் பிள்ளைகளும் எனக்கும் அப்பாவுக்கும். இந்தப் பாகப்பிரிவினை இருக்கிறவரை எங்களுக்குள் சண்டை கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் தகராறு. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஆனால் நேரம் ஒரே இடத்தில் நிற்காது. தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றம் ஏறத் தொடங்கும்போது நான் கரையில் நின்றாக வேண்டும். "அப்போ சாப்பாட்டையும் தினம் ஐம்பது நிமிஷம் தள்ளிக்கிட்டே போகணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

போய் இறங்கியதும் அப்பா பையைக்கூடத் தொடாமல் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரையோரம் நடந்தார். கடல் எதுவரை வந்துபோனது என்பதைக் கடலே எழுதி வைத்திருக்கும். காய்ந்த பாசி, குச்சி, கிளிஞ்சல் எல்லாம் வரிசையாக ஒதுங்கிக் கிடக்குமே, அந்தக் கோடுதான். உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு கோடுகள் இருக்கும். கீழே ஈரமாக இருப்பது இன்றைக்கு வந்த ஏற்றம். அதற்கு மேலே, தொட்டால் நொறுங்குகிற மாதிரி காய்ந்து கிடப்பது போன பௌர்ணமி ஏற்றம். மேல்கோட்டுக்கும் மேலே நன்றாகத் தள்ளித்தான் கூடாரம். அதற்காக மணல்மேட்டில் ஏறிவிடவும் கூடாது. அங்கே படர்ந்திருக்கும் கொடிகள்தான் அந்த மேட்டையே பிடித்து வைத்திருக்கின்றன. மிதித்து அழித்தால் காற்று மேட்டைக் கொண்டுபோய்விடும். மேல்கோட்டைக் கண்டுபிடித்தது மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிற வயது. நொறுங்கிய பாசியைக் கையில் வைத்துக்கொண்டு, "சரி தாத்தா, ஒத்துக்கறேன்" என்றாள்.

கூடாரத்தோடு வருகிற ஆணிகள் மணலில் சும்மா ஒப்புக்குத்தான் நிற்கும். ஒரு காற்றுக்குத் தாங்காது. இவர் அதற்கென்றே பழைய துணிப்பைகள் வைத்திருக்கிறார். பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் படுக்கவைத்துப் புதைத்து, அதன் நடுவில் கயிற்றைக் கட்டிவிடுவார். இழுத்துப் பாருங்கள், நகராது. பகலில் தரை சீக்கிரம் சூடாவதால் மதியத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து வரும். வானிலை சாதாரணமாக இருந்தால் இரவில் திரும்பிக்கொண்டு தரையிலிருந்து கடலுக்குப் போகும். அதனால் வாசலை நேராகக் கடலைப் பார்த்து வைத்தால் படம் எடுக்க அழகாக இருக்கும், படுக்கையெல்லாம் மணலாக இருக்கும். எங்கள் வாசல் பக்கவாட்டில். அடுப்பு காற்றுக்கு மறைப்பு வைத்து, வெளியே. மழையே வந்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவதில்லை என்பதில் அவர் படு கண்டிப்பு. தீப்பிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அடைத்த இடத்தில் சேருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனைகூடக் கிடையாது.

இனி என் இலாகா.

மணலில் கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று கடலைப் பார்த்தால், அலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உடைவதில்லை என்று தெரியும். சில இடங்களில் தொலைவிலேயே வெள்ளையாக உடையும். அங்கே அடியில் மணல்திட்டு, ஆழம் குறைவு. இரண்டு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே ஓர் இடத்தில் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருத்து, சமர்த்தாகத் தெரியும். மகன் அதைத்தான் கண்டுபிடித்தான். "அம்மா, இங்க அலையே இல்ல. இங்க குளிக்கலாம்!"

குளிக்கக் கூடாத இடம் அதுதான். அலைகள் திட்டைத் தாண்டிக் கரைக்குள் தள்ளுகிற தண்ணீரெல்லாம் திரும்பிப் போக வழி வேண்டுமே, அந்த வழி இந்தக் கருத்த பட்டை. ஆழம் இருப்பதால் அலை உடைவதில்லை. தண்ணீர் ஓடுவதால் கலைந்த இரை எல்லாம் அதன் வழியாகப் போகிறது, மீன் அங்கே வந்து காத்திருக்கிறது. தூண்டில்காரிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, நீந்துகிறவருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. எந்தக் கடற்கரைக்குப் போனாலும் யாராவது ஒரு குடும்பம், "இங்கே அமைதியாக இருக்கு" என்று குழந்தைகளைச் சரியாக அந்த இடத்தில்தான் இறக்கிவிடும். எனக்கு வாய் சும்மா இருக்காது. போய்ச் சொல்லிவிடுவேன். சிலர் முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்.

அப்பா வாயால் விளக்கம் சொல்லவில்லை. ஒதுங்கிக் கிடந்த காய்ந்த கட்டை ஒன்றை எடுத்து அந்தக் கருத்த தண்ணீரில் எறிந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாக, அலைக்கு எதிர்த்திசையில், உள்ளே போக ஆரம்பித்தது. மகனுடைய முகம் மாறிப்போனது. "இப்ப நீ அதுல இருந்தா என்ன பண்ணுவ?" என்றார். "கரைக்கு நீந்துவேன்." "முடியாது. நல்லா நீந்துறவங்ககூட அப்படித்தான் களைச்சுப் போறாங்க." முதலில் பதறாமல் மிதக்க வேண்டும், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும், இழுப்பு அகலம் குறைவானதுதான், அதிலிருந்து வெளியே வந்த பிறகு அலையோடு சேர்ந்து கரைக்குச் சாய்வாக வரலாம். இதை இரண்டு பேரையும் திருப்பிச் சொல்லவைத்தார். நான் இரண்டு கழிகளை நட்டு, அவற்றுக்கு நடுவே, அலை சீராக உடைகிற, முழங்கால் ஆழமுள்ள இடத்தைக் குளிக்க ஒதுக்கினேன். அதையும் பெரியவர் ஒருவர் தண்ணீரில் நிற்கும்போது மட்டும்.

தூண்டில் கட்டுவதை மகளுக்கு இந்த முறைதான் முழுசாகக் கற்றுக்கொடுத்தேன். முள்ளின் காதில் நைலான் நரம்பை நுழைத்து, அதையே நரம்பின் மேல் ஐந்தாறு சுற்று சுற்றி, நுனியைக் கீழே முள்ளோடு ஒட்டிய சின்ன வளையத்துக்குள் விட்டு, மேலே உண்டான பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு இழுக்க வேண்டும். இழுக்கும் முன் எச்சில் வைத்து நனைக்க வேண்டும். "ச்சீ" என்றாள். ஆதாரம் கேட்டாள். சரி என்று ஒரு முடிச்சை உலர்ந்தபடியே வெடுக்கென்று இழுக்கச் சொன்னேன். முடிச்சுக்கு மேலே நரம்பு சுருள் சுருளாக நெளிந்துபோயிருந்தது. உராய்வுச் சூட்டில் நைலான் இப்படித்தான் பலமிழக்கும். அடுத்த முடிச்சுக்கு அவளே எச்சில் வைத்தாள். முள் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டோம். மீன் சில தப்பும்தான். ஆனால் ஏழு வயதுப் பையன் பக்கத்தில் நிற்கும்போது, விரலில் ஏறிய முள் வந்த வழியே வெளியே வர வேண்டும் என்பது எனக்கு முக்கியம். ஈயம் உருண்டையாக இருந்தால் அலை உருட்டிக்கொண்டே போகும். அடி பட்டையான கூம்பு ஈயம் மணலில் பதிந்து நிற்கும், அதைத்தான் போட்டோம்.

மகனுக்கு ராடு கிடையாது, ஒரு காலி பாட்டிலில் சுற்றிய நரம்புதான். முதல் மாலை முழுக்க அவன் கண் மடவை மீன்கள் மேலேயே இருந்தது. கரைக்கு வெகு அருகில் அவை துள்ளித் துள்ளி விழுந்தன, ஒன்றுகூட இறாலைச் சீந்தவில்லை. மடவை சேற்றையும் பாசியையும் உறிஞ்சித் தின்கிற மீன், இறால் துண்டுக்கு லேசில் வராது என்று அப்பா சொன்னார். "அப்ப அது சைவமா?" என்று இவர் அடுப்புப் பக்கமிருந்து கேட்டார்.

பேத்தை மீன்தான் வந்தது. இழுத்துக் கரையில் போட்டதும் வயிற்றை ஊதிக்கொண்டு நின்றது. பிள்ளைகளுக்கு ஏகக் குஷி. பார்க்கலாம், சாப்பிட முடியாது. அதன் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. பல்லும் நரம்பையே நறுக்கிவிடுகிற பல். குறடால் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டோம்.

இருட்டிய பிறகு மகளின் ராடு வளைந்தது. ஏதோ கனமாக, தலையை ஆட்டாமல், பக்கவாட்டில் சுமை மாதிரி வந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பெரிய கெளுத்தி. "யாரும் கிட்ட வராதீங்க" என்று அப்பா கத்தினார். கடல் கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், இரண்டு பக்கத் துடுப்புகளிலும் ஒவ்வொன்று. பிடிபட்டதும் மூன்றையும் விறைப்பாக நிமிர்த்திக்கொள்ளும். குத்தினால் வெறும் காயம் இல்லை, நஞ்சும் ஏறும். அந்த நஞ்சு சூட்டில் கெடும் என்பதால், பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரி வாக்கில், குத்துப்பட்ட இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைப்பதுதான் முதலுதவி. சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும். வலியில் இருக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் நுனி உள்ளேயே ஒடிந்திருக்கலாம் என்பதால் அப்புறம் மருத்துவரிடம் போவதும் கட்டாயம். தூண்டில் போடுகிற இரவுகளில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் தயாராக இருக்கும். இதுவரை அது டீக்குத்தான் போயிருக்கிறது.

இந்தக் கெளுத்தி ஒரு தினுசாக இருந்தது. தூண்டில் முள் வாயில் மாட்டவில்லை, செவுளுக்குப் பின்னால் தோலில் மாட்டியிருந்தது. தாடை கீழே தொங்கிப்போய், தொண்டை புடைத்திருந்தது. அப்பா ஈரத் துணியால் பிடித்து லேசாகச் சாய்த்ததும் வாய் திறந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில், கோலிக்குண்டு அளவில் முட்டைகள், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு. ஒன்றிரண்டில் கண்ணாகத் தெரிந்த கரும்புள்ளிகூட எனக்குத் தெரிந்தது. கடல் கெளுத்தியில் முட்டையை வாயில் வைத்துக் காப்பது ஆண். குஞ்சு பொரிந்து தேறும்வரை வாரக்கணக்கில் அது ஒன்றும் சாப்பிடுவதில்லை. இரை தின்ன வராத மீன் என்பதால்தான் முள் தோலில் மாட்டியிருக்கிறது. படிக்கும்போது தெரிந்த விஷயம்தான், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

எதிர்முள் இல்லாததால் ஒரு திருப்பலில் கழன்றது. அப்பா முழங்கால் தண்ணீருக்குப் போய் அதைக் கையிலேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டார். மகன் அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "வாரக்கணக்கா சாப்பிட மாட்டாராம்பா" என்றான். இவர் கையில் அப்போது கரண்டி. "எனக்கு ஐம்பது நிமிஷம் தள்ளிப்போனாலே தாங்கல" என்றார்.

சாப்பிடுகிற அளவுக்கு மீன் மறுநாள் ஏற்றத்தில் கிடைத்தது, ஆள் பேருக்கு ஒன்று தேறும் சின்ன வெள்ளி மீன்கள். பிடித்தவுடன் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு ஐஸ் பெட்டியில் போட்டோம். வெறும் ஐஸ் கட்டிகளைவிட, கொஞ்சம் கடல்நீர் ஊற்றிய ஐஸ் மீனைச் சுற்றிலும் தொடுவதால் சீக்கிரம் குளிரும். வெயிலில் வாளியில் கிடந்த மீனை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். சில வகை மீன்களில் சூட்டில் உண்டாகிற ஹிஸ்டமைன் என்கிற நஞ்சு சமைத்தாலும் போகாது. இவர் உப்பு தடவிச் சுட்டார். யாரும் பேசவில்லை, அவ்வளவு பசி. மீன் சுட்ட நெருப்புக் கங்குகளை மணலால் மூட அவர் போனபோது அப்பா தடுத்துவிட்டார். மேலே மணல் ஆறிய மாதிரி இருக்கும், அடியில் மணிக்கணக்கில் சூடு நிற்கும், வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்கு அது தெரியாது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை வைத்துப் பார்த்த பிறகுதான் தூங்கப் போனோம்.

அந்த இரவிலேயே தூரத்தில் இடி. கார்பன் ராடு மின்சாரம் கடத்தும், கூடாரம் மின்னலுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. ராடுகளை மணலில் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் காருக்குள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகும்வரை யாரும் இறங்கக் கூடாது என்பது விதி. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அப்பா குறட்டை. நாங்கள் இரண்டு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்து வீட்டுக் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

கிளம்பும் அன்று அறுந்த நரம்புத் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிப் பாட்டிலில் போடுவது மகன் வேலை. பறவைக் காலில் சுற்றிக்கொள்ளும் என்று சொல்லியிருந்ததால் அடுத்தவர் விட்டுப்போனதையும் சேர்த்துப் பொறுக்கினான். வீட்டுக்கு வந்ததும் ரீல்களை நல்ல தண்ணீரில் கழுவினேன். வேகமாகப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும், மெல்லிசாக ஊற்றினால் போதும். கூடாரத்தின் ஜிப்புகளையும் கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகுதான் மடிக்க வேண்டும், இல்லையென்றால் பூசணம். இந்தக் கடைசி வரியைக் கண்டிப்பாக எழுதச் சொன்னவர் இவர். கூடாரம் இன்னும் மொட்டை மாடியில் தொங்குகிறது, துணி உலர்த்த இடமில்லை என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.