நிஸ்ஸே தின்ற புக்கை

நோர்வேயின் ட்ரொம்ஸோ நகரத்தில் நவம்பர் 27 அளவில் மறையும் சூரியன், ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். நண்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். நாங்கள் வந்த முதல் மார்கழியில் என் நாலு வயது மகள் யன்னலடியில் நின்று கேட்டாள்: "அப்பா, சூரியனை ஆர் எடுத்தது?" பூமி சாய்ந்து சுற்றுவதைத் தோடம்பழத்தை உருட்டிக் காட்டினேன். அவள் பழத்தை உரித்துத் தின்றுவிட்டாள்.

அந்தக் கிழமைதான் பாலர் பாடசாலையில் நிஸ்ஸேயைப் பற்றிக் கேட்டு வந்தாள். சிவப்புத் தொப்பியும் தாடியுமாக மாட்டுக் கொட்டிலில் வாழும் குட்டித் தாத்தா அவர். நத்தார் இரவில் அவருக்குப் பாலில் வெந்த அரிசிக் கஞ்சி வைக்க வேண்டும். மேலே வெண்ணெய்க் கட்டி இல்லாவிட்டால் பொல்லாத கோபம் வரும். பாலும் அரிசியும் என்றால் எங்கள் ஆள்தானே! அன்றிரவே கதை கட்டினேன்.

"நத்தார் இரவு நிஸ்ஸே எங்கட வீட்டுக்கு வந்தார். அம்மா சர்க்கரைப் புக்கை வைத்திருந்தா, கயூவும் நெய்யும் போட்டு. முதல் வாயிலேயே தொப்பி பறந்து கூரையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் வாய்க்குத் தாடி கடற்கரை வரைக்கும் வளர்ந்தது. மூன்றாம் வாயோடு பானை காலி. 'இன்னும் வேணும்!' என்றார். 'சூரியன் வந்தால்தான் பொங்குவோம்' என்றா அம்மா. உடனே தாடியைக் கயிறாகத் திரித்து, இருபது கலைமானைப் பூட்டி, கடலுக்கடியில் நித்திரை கொண்ட சூரியனுக்குச் சுருக்குப் போட்டார். மூன்று கிழமை இழுத்தார். தைப்பொங்கலன்று சூரியனின் தலை தெரிந்தது!"

தை பிறந்தது. மின்னடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வெளியே இன்னும் இருட்டு. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் சூரியன் முதலில் தெரியும் 'சூரிய நாள்' ஜனவரி 21தான். அன்று ஜாம் வைத்த 'சூல்பொல்லெ' பன் தின்பார்கள். என் கதை ஒரு கிழமை முந்திவிட்டதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாய் நிறையப் பன்னோடு மகளே சொன்னாள்: "அப்பா, பொங்கலன்று நிஸ்ஸே புக்கை தின்ன வந்திட்டார். கயிற்றை ஆர் பிடிக்கிறது? சூரியன் திரும்ப விழுந்திட்டுது!"