கண்ணீர் வரவைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் யாராவது ஒருத்தர் நெஞ்சைப் பிழிகிறார். "கல் நெஞ்சையும் கரைக்கும் பதிவு", "படித்ததும் அழுதுவிட்டேன்", "மனசாட்சி இருந்தால் பகிரவும்". வேலூர் வெயிலே எங்களைப் பிழிந்து காயப்போட்டிருக்கிறது, இதற்கு மேல் பிழிந்தால் என்ன வரும்? யாரும் அழுவதில்லை. இரண்டு கும்பிடு பொம்மை வரும், அதற்குக் கீழே "இன்னைக்கு தண்ணி வருமா?" என்று ஒரு கேள்வி வரும், அவ்வளவுதான்.

உணர்ச்சியே இல்லாமல் எழுதுங்கள் என்று சொல்ல வரவில்லை. நோட்டீஸோ மனுவோ நன்கொடை கேட்கும் கடிதமோ, மனசைத் தொடாமல் ஒருத்தரையும் நகர்த்த முடியாது. என் சண்டை வேறு. படிப்பவர் கலங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம், கலங்கியவர் அடுத்த நிமிஷம் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்காமலேயே எல்லோரும் கலங்கவைக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

குடியாத்தம் பக்கம் இருக்கும் என் சித்தி மகன் ஊர் ஏரிக்காக ஒரு மனு எழுதி அனுப்பியிருந்தான். பக்கம் பக்கமாக. "இயற்கை அன்னை கதறுகிறாள்", "நெஞ்சு வெடிக்கிறது", ஒவ்வொரு வரி முடிவிலும் மூன்று ஆச்சரியக்குறி. போன் போட்டேன்.

"கலெக்டர் இதைப் படிச்சிட்டு என்னடா பண்ணணும்?"

"வருத்தப்படணும்ணா."

"வருத்தப்பட்டுட்டு?"

பதில் இல்லை. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வரிசையில் நிற்கிற அத்தனை பேர் கையிலும் ஒரு துக்கம் இருக்கும். மனு வாங்குகிறவர் ஒவ்வொன்றுக்கும் அழ முடியாது, அழுதாலும் வேலை நடக்காது. அவர் தேடுவது, இதை எந்தத் துறைக்கு அனுப்புவது, அங்கே என்ன செய்யச் சொல்வது என்கிற ஒரு வரியை.

அவனிடம் ஏரி கடைசியாக எப்போது நிரம்பி வழிந்து கோடி போனது என்று கேட்டேன். அவன் சின்னப் பையனாக இருந்தபோதாம், கோடியில் கிடா வெட்டிப் படைத்தார்களாம், தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்தானாம். அதற்கப்புறம் வரத்துக் கால்வாயில் மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள், நல்ல மழை பெய்த வருஷம்கூட ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. இதில் ஒரு வார்த்தைகூட மனுவில் இல்லை! திருத்தி எழுதவைத்தேன்: கிடா வெட்டிய கதை இரண்டு வரி, கால்வாய் எந்த சர்வே எண்ணில் மூடப்பட்டிருக்கிறது, அதை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை. ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. இயற்கை அன்னையை மட்டும் விடமாட்டேன் என்று அடம்பிடித்தான், சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்று சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நான்கு காரணம் தருகிறது. அழுகைக்கு இளிவு (பிறர் இகழ்வது), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்வது), வறுமை. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடியைக் கெடுப்பது), அலை (அடித்து வருத்துவது), கொலை. கவனித்துப் பாருங்கள், அழுகையின் காரணங்களில் பெரும்பாலும் நமக்கு நேர்ந்தது இருக்கிறது, கோபத்தின் காரணங்கள் நான்கிலும் யாரோ ஒருத்தர் செய்தது இருக்கிறது. ஏரி வறண்டது என்று எழுதினால் படிப்பவர் உச்சுக்கொட்டுவார். கால்வாயை மூடினார்கள் என்று எழுதினால், யார் மூடியது என்று கேட்பார். மனுவுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

எங்கள் ஊரே இந்த விஷயத்தில் ஒரு பாடம். சிஎம்சி என்கிற கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தொடக்கமாக ஐடா ஸ்கடர் சொன்ன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். (நடந்தது வேலூரில் அல்ல, திண்டிவனத்தில். பலரும் மாற்றிச் சொல்கிறார்கள்.) ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி இளம்பெண்ணான ஐடாவைக் கூப்பிடுகிறார்கள். அவர் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர். அப்பா வரட்டுமா என்றால், ஆண் பார்ப்பதை மூவருமே மறுத்துவிடுகிறார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இதில் "ஐயோ" என்று எழுத ஓர் இடமும் இல்லை, எழுதினால் கெட்டுவிடும். கேட்டு முடிக்கும்போதே, இங்கே பெண் டாக்டர் வேண்டும் என்று நாமாகவே சொல்லிவிடுகிறோம். என்ன தேவை என்பது கதைக்குள்ளேயே இருக்கிறது. அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899இல் பட்டம் வாங்கினார், பெண்களுக்கான மருத்துவமனைக்கு நிதி திரட்டியபோது ஒரு வங்கியாளர் தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார், 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

பாலாறு வழக்கு இன்னொரு வகை. தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுதோ பாழானதாகக் கணக்கு வருகிறது, திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போன கணக்கும் வருகிறது. உடனே அடுத்ததாக, பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்கு மைல்கணக்கில் நடக்கிறார்கள் என்ற செய்தி. வெறும் எண்ணாக இருந்தால் கண் தாண்டிப் போய்விடும், நடக்கிற பெண்கள் மட்டும் இருந்தால் "எங்கேயும் இருக்கிறதுதானே" என்று விட்டுவிடுவோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் இரண்டையும் ஒதுக்க முடியவில்லை. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை வலுவாகச் சொன்னதற்காக சட்டம் படிப்பவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துப் படிக்கிறார்கள்.

இன்னொன்று, ஒரே சுருதியில் அழவைக்காதீர்கள். செய்யாறு பக்கம் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புரியும். துகிலுரியும் காட்சியில் கூட்டம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் கட்டியக்காரன், அதாவது கூத்தின் கோமாளி, உள்ளே புகுந்து ஏதாவது கோணங்கி பண்ணுவான், சிரித்து முடித்த முகத்தில் அடுத்த அடி இரண்டு மடங்கு விழும்.

பயத்தைப் பற்றித்தான் எனக்கு ரொம்பக் கவலை. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு ஃபார்வர்டு வந்தால் பயம் வரும், ஆனால் செய்வதற்கு ஒன்றும் சொல்லப்பட்டிருக்காது, எந்த ஊர், எந்தத் தேதி என்றும் இருக்காது. போக இடமில்லாத பயம் தெருவில் எதிரே வருகிற அந்நியன் மேல் போய் இறங்கும். 2018இல் அப்படி ஒரு வதந்தியை நம்பி போளூர் பக்கத்தில், குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார், அதுதான் அவர் செய்தது.