டெத் வேலிக்குப் போகும் வழியில் எடை போட்டோம்

முதுகில் கேம்பர் என்கிற குட்டி வீட்டைச் சுமக்கிற பிக்கப் வண்டிக்கு டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம் என்று யாரைக் கேட்டாலும், "டயர்லயே போட்டிருக்கே, 80 அடிச்சுடு" என்பார்கள். நானும் இரண்டு வருடம் நான்கு டயரிலும் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத்தான் ஓட்டினேன். சின்னப் பள்ளத்துக்கே ஸ்டீயரிங் அதிரும், முன் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. அதனால் இந்தப் பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்துக்குக் கிளம்பியபோது, முதல் வேலையாக பேக்கர்ஸ்ஃபீல்டில் லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப் ஒன்றில், லாரிகளை எடை போடும் கேட் (CAT) ஸ்கேலில் வண்டியை ஏற்றினோம்.

எடை போடுவதென்றால் பயணம் போகிற கோலத்திலேயே போட வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிறைய 30 காலன், அதுவே 250 பவுண்டு, அப்புறம் கேஸ், டீசல், அரிசி மூட்டை, நாங்கள் இரண்டு பேர். முன் சக்கரங்கள் ஒரு பலகையிலும் பின் சக்கரங்கள் அடுத்ததிலும் நிற்கும்படி நிறுத்தினால் தனித்தனியாக எடை வரும். சீட்டில் முன் அச்சு 4,700, பின் அச்சு 6,640 பவுண்டு. கேம்பரை இறக்கிவைத்து முன்பு எடுத்த எடையைக் கழித்துப் பார்த்தால், விற்பனைக் காகிதத்தில் 2,900 என்றிருந்த கேம்பர் 4,000-ஐத் தொட்டிருந்தது. காகிதத்தில் இருப்பது தண்ணீர், பேட்டரி, சாமான் எதுவும் இல்லாத வெறும் கூட்டின் எடை.

சரி, கணக்குக்கு வருவோம். என் டயர் எல்டி275/70ஆர்18, லோடு ரேஞ்ச் ஈ, அதாவது அதிகப் பாரம் தாங்கும் வகை. குளிர்ந்த டயரில் 80 பிஎஸ்ஐ இருந்தால் ஒன்று 3,640 பவுண்டு தாங்கும். பின்னால் ஒரு டயருக்கு 3,320 விழுகிறது, அதுவும் பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால். ஃபிரிட்ஜும் பேட்டரியும் ஒரே பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் இன்னும் கூடத்தான் இருக்கும். ஆகவே பின்னால் 80, அதில் பேச்சே இல்லை. முன்னால் டயருக்கு 2,350தான். டயர் கம்பெனியின் சுமை அட்டவணைப்படி இன்னும் குறைத்தாலும் போதும், ஆனால் கதவோரத்து ஸ்டிக்கரில் முன்னுக்கு 60 என்று இருக்கிறது, அதற்குக் கீழே போக எனக்கு மனசு வரவில்லை. 60 வைத்ததும் ஸ்டீயரிங் அதிர்வு அடங்கிவிட்டது.

மறுநாள் காலை ரிட்ஜ்கிரெஸ்டில் கேஜை வைத்துப் பார்த்த மனைவி, "ஏங்க, பின்னாடி வலது பக்கம் 71தான் காட்டுது" என்றாள். ஆணி எதுவும் இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஊற்றினால், வால்வு ரிம்மைவிட்டு வெளியே வருகிற இடத்தில் கடுகு கடுகாக நுரை கிளம்பியது. டயர் மாற்றிய கடையில் சாதாரண ரப்பர் வால்வைப் போட்டிருக்கிறார்கள். அந்த வகை பொதுவாக 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான், 80 அடிப்பதற்கு அதற்கென்று இருக்கும் உயர் அழுத்த வால்வு வேண்டும். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடேறும், இவ்வளவு பாரத்தில் அந்தச் சூட்டிலேயே வெடித்தும்விடலாம். அங்கேயே நான்குக்கும் உலோக வால்வு போட்டுக்கொண்டோம். ஸ்டெப்னியில் 40தான் இருந்தது, அதையும் 80 ஆக்கினோம்.

டவுன் பாஸ் மலைக்கணவாய் ஏறி இறங்கி ஸ்டோவ்பைப் வெல்ஸில் நிறுத்திப் பார்த்தால் பின் டயரில் 89! கொஞ்சம் இறக்கிவிடலாமா என்று மனைவி கேட்டாள். இறக்கவே கூடாது. வெயில் 10 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலே இந்த அழுத்தத்தில் சுமார் 2 பிஎஸ்ஐ ஏறும், ஓடுகிற சூடு தனி. இப்போது இறக்கிவிட்டால் விடியற்காலைக் குளிரில் 70-க்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

காற்றை இறக்கியது உபெஹேபி எரிமலைப் பள்ளத்துக்குப் பக்கத்தில், ரேஸ்ட்ராக் மண் சாலை தொடங்குகிற இடத்தில். 27 மைலும் துணி துவைக்கும் கல் மாதிரி வரிவரியாக இருக்கும், நடுநடுவே கூரான சரளை. ஜீப்காரர்கள் 20 வரைக்கும் இறக்குவார்கள், 4,000 பவுண்டைச் சுமந்துகொண்டு நாம் அப்படிச் செய்ய முடியாது. பின்னால் 60, முன்னால் 45, வேகம் 15 மைலைத் தாண்டவில்லை. அந்த வேகத்துக்கு மட்டும்தான் இந்தக் காற்று. டீக்கெட்டில் ஜங்ஷனில் பலகை நிறையக் கெட்டில்கள் தொங்குகிற இடத்துக்கு வருவதற்குள் கரண்டி டிராயர் இரண்டு முறை திறந்துகொண்டது, டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேஸ்ட்ராக் என்கிற காய்ந்த ஏரிப் படுகையில், மெல்லிய பனித் தகடும் காற்றும் தள்ளி நகர்ந்த கற்களின் தடங்களைப் பார்த்துவிட்டு, ஹோம்ஸ்டேக் முகாமிடத்தில் இரவு தங்கினோம்.

திரும்பி வந்து தார் ரோட்டைத் தொட்டதும் கம்ப்ரஸரை எடுத்தேன். நான்கு டயருக்கும் அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொன்று முடிந்ததும் மனைவி வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள், எதிலும் நுரை வரவில்லை.