கழுத்து ட்யூப், கை ஃபிஸ்டுலா: டயாலிசிஸ் பிரிவிலிருந்து நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

இன்று காலை ஷிஃப்டில் கழுத்து ட்யூப் வழியாக டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் பெண்கள். ஆண்கள் பெரும்பாலும் கையை நீட்டிப் படுத்திருக்கிறார்கள். டயாலிசிஸ் நர்ஸாகப் பல வருடம் ஓடிவிட்டது. வேலை மாறிப் போன இடங்களிலும் இதையேதான் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றிக் கொஞ்ச நாள் தொடர்ந்து எழுதி வைக்கப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். நாலு மணி நேரத்தில் அது 72 லிட்டர். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற சாதாரணக் கைச் சிரை இதற்குத் தாங்காது. அதனால் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் ஆபரேஷனில் இணைத்து, சிரையைப் பெருக்க வைக்கிறார்கள். அதுதான் ஃபிஸ்டுலா. நன்றாக அமைந்துவிட்டால் வருடக்கணக்கில் உழைக்கும், தொற்றும் குறைவு. சிரை சரியில்லாதவர்களுக்குத் தோலுக்கடியில் செயற்கைக் குழாய் வைப்பது கிராஃப்ட். இரண்டுக்கும் நேரமில்லை, இன்றைக்கே டயாலிசிஸ் வேண்டும் என்றால் கழுத்துச் சிரை வழியாக இதயத்தருகே போகும் ட்யூப். மூன்றில் தொற்று அதிகம் வருவது இதில்தான்.

பல நாட்டுக் கணக்குகளிலும் பெண்களுக்கு ஃபிஸ்டுலா குறைவு, ட்யூபும் கிராஃப்ட்டும் அதிகம். ஏன் என்று கேட்டால் சட்டென்று ஒரு பதில் வரும்: "லேடீஸுக்கு நரம்பு சின்னது." பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துபோவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 8, சனி

பெண்கள் நாள். 2018இல் உலகச் சிறுநீரக நாளும் இதே மார்ச் 8 அன்று வந்ததால், அந்த வருடம் பெண்களும் சிறுநீரகமும் என்பதையே கருப்பொருளாக எடுத்தார்கள்.

மூன்றாவது கட்டிலில் இருக்கும் அம்மாவுக்கு வயது 60. ஜனவரியில் மூச்சு வாங்கிக்கொண்டு அவசரமாக வந்தார், அன்றே கழுத்தில் ட்யூப். அவருடைய பழைய ஃபைலைப் புரட்டினேன். கிரியேட்டினின் (தசையில் உண்டாகி, சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 2.0 என்று இருந்த காலத்தில் "கொஞ்சம் கூடுதல், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இந்த 2.0ஐ நின்று பார்க்க வேண்டும். 60 வயது ஆணுக்கு அந்த எண் வந்தால், 2021இன் கணக்கிடும் சூத்திரப்படி சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 37 மில்லி. அதே வயதுப் பெண்ணுக்கு அதே 2.0 வந்தால் சுமார் 28. பொதுவாகப் பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் கிரியேட்டினின் உற்பத்தியும் குறைவு. அதே எண் வர வேண்டுமானால் அவர்களுடைய சிறுநீரகம் இன்னும் கெட்டிருக்க வேண்டும். 30க்குக் கீழே போனால் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது வழிகாட்டுதல். கிரியேட்டினினை மட்டும் பார்த்தவர் கண்ணுக்கு இந்த அம்மா அந்தக் கோட்டைத் தாண்டியதே தெரியவில்லை.

ஃபிஸ்டுலா போட்டு, அது முதிர மாதக்கணக்கு ஆகும். தாமதமாக வருகிறவருக்கு அந்த மாதங்கள் கிடைப்பதில்லை, ட்யூப்தான் கிடைக்கும். நரம்பின் அளவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மார்ச் 12, புதன்

அம்மாவுக்கு இரண்டு கையிலும் ஸ்கேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு உள்ளே நின்று பார்த்தேன். மேல்கையில் பட்டை கட்டிச் சிரையைப் புடைக்க வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். குளிர்ந்த அறையில், பயந்துபோய்ப் படுத்திருப்பவரின் சிரை சுருங்கிக் கிடக்கும். அப்படியே அளந்து "சின்னது" என்று எழுதிவிட்டால் அதுவே அவர் தலையெழுத்தாகிவிடும். ஸ்கேன் செய்தவர் பொறுமைசாலி. கம்பளி போர்த்தி, கையைச் சூடாக்கி, பட்டை கட்டி, அப்புறம் அளந்தார்.

இடது மணிக்கட்டில் சிரை 1.7 மி.மீ. பயனில்லை. முழங்கைக்கு மேலே 3.1. அது போதும்.

வலது கையில் உள்ள நல்ல சிரையில் தழும்பு. எப்போதோ ஆஸ்பத்திரியில் இருந்தபோது டிரிப் போட்டுப் போட்டு அது கட்டிப்போயிருக்கிறது. சிறுநீரகம் பழுது என்று தெரிந்த நாளிலிருந்தே முன்கை, மேல்கைச் சிரைகளைத் தொடக் கூடாது. ரத்தம் எடுப்பதோ ஊசி போடுவதோ புறங்கையில்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான விதி இது. ஆனால் இருப்பதே கொஞ்சம் என்கிறவருக்கு ஒரு சிரை போனாலும் பெரிய நஷ்டம்.

மார்ச் 19, புதன்

இன்று ஆபரேஷன் முடிந்தது. இடது முழங்கையில் இணைத்திருக்கிறார்கள்.

ஃபிஸ்டுலாவின் வரலாற்றை நினைத்தால் ஒன்று உறைக்கும். 1960இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் டெஃப்லான் குழாயைக் கைக்கு வெளியே வைத்துத் தொடர் டயாலிசிஸுக்கு வழி செய்தார். அதன்பின் நியூயார்க் பிராங்க்ஸில் பிரெஷியாவும் சிமினோவும், தைத்துக் கொடுத்த அறுவை மருத்துவர் அப்பெல்லும் சேர்ந்து மணிக்கட்டு ஃபிஸ்டுலாவை உருவாக்கி 1966இல் வெளியிட்டார்கள். அவர்கள் வேலை பார்த்தது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை. அங்கே வருபவர்களில் ஆண்கள்தான் மிகுதி. இன்றும் நாம் முதலில் தேடும் இடமாக இருக்கிற மணிக்கட்டு, அப்படிப்பட்ட கைகளில் தேறி வந்த இடம். அவர்கள் செய்தது எத்தனையோ லட்சம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் மறுப்பே கிடையாது. ஆனால் ஒரு பெண்ணின் மணிக்கட்டில் அது தேறாதபோது, குறை அவர் உடம்பில் என்பதுபோல் பேசுவது நியாயமில்லை.

மார்ச் 22, சனி

தையலுக்கு மேலே விரலை லேசாக வைத்தேன். அதிர்வு நன்றாக இருக்கிறது. அம்மாவின் வலது கையைப் பிடித்து அவர் விரலையும் வைக்கச் சொன்னேன். "பூனை உறுமுற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார். தினமும் காலையும் ராத்திரியும் தொட்டுப் பாருங்கள், நின்றுபோனால் உடனே கூப்பிடுங்கள் என்றேன். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடக் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது.

விரல்கள் சில்லென்று இருக்கிறதா, வலிக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டேன். கைக்குப் போக வேண்டிய ரத்தத்தை ஃபிஸ்டுலா இழுத்துக்கொள்ளும் தொல்லை பெண்களுக்கு, அதுவும் முழங்கையில் போட்டவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும், கூடுதலாக வரும். இவருக்கு இதுவரை இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

டயாலிசிஸ் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு நடுக்கம் வந்துவிட்டது. பல் கிட்டி, கட்டில் கம்பி சத்தம் போடும் அளவுக்கு. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நிற்கவில்லை. காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ். ட்யூபிலிருந்தும் மெஷின் லைனிலிருந்தும் ரத்தம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக் போட்டோம். இனி அட்மிஷன், ட்யூப் மாற்றுவது, வாரக்கணக்கில் மருந்து.

நடுக்கம் அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "தலைக்குக் குளிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா சிஸ்டர்? அவ்வளவு பத்திரமா வச்சிருந்தேன்." உண்மைதான். பிராவின் பட்டை ட்யூபின் மேல் உராய்கிறது என்று அதையும் விட்டுவிட்டவர். இதைப் பற்றி எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை, பெண் நோயாளிகள் நர்ஸிடம்தான் சொல்வார்கள்.

பொதுவாகப் பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். டயாலிசிஸுக்கு வந்துவிட்டால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போகிறது. காரணங்கள் பல இருக்கும். ட்யூபும் அதில் ஒன்று என்பதை இன்று மாதிரியான நாட்களில் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

இளம்பெண் ஒருத்தி ஃபிஸ்டுலா வேண்டாம் என்கிறாள். பக்கத்துக் கட்டில் ஐயாவின் கையில் கயிறுபோல் புடைத்து நெளியும் சிரையைப் பார்த்துவிட்டாள். "அக்கா, வாழ்நாள் முழுக்க ஃபுல் ஸ்லீவ்தானா?" இதை அழகு ஆசை என்று தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவள் உடம்பு, அவள் கை. எல்லாருக்கும் அப்படிப் புடைப்பதில்லை, ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றிக் குத்தினால் வீக்கம் குறையும் என்று சொன்னேன். நன்றாக அமைந்த ஃபிஸ்டுலா உள்ள ஒரு பெண்ணின் கையை, அவர் சம்மதத்தோடு, காட்டினேன். வற்புறுத்தவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

மே 2, வெள்ளி

ஆறு வாரம் முடிந்து அம்மாவுக்கு ஸ்கேன். இந்தத் துறையில் ஆறு ஆறாக ஒரு கணக்கு உண்டு: ஆறு வாரத்தில் 6 மி.மீ. அகலம், தோலிலிருந்து 6 மி.மீ.க்குள் ஆழம், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம். இவருக்கு அகலம் 4.6, ஓட்டம் 410. இணைத்த இடத்துக்குச் சற்று மேலே சிரை ஒடுங்கியிருக்கிறது.

இங்கேதான் வழி பிரிகிறது. பெண்களுக்கு ஃபிஸ்டுலா தானாக முதிர்வது குறைவு, உதவி தேவைப்படுவது அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சிலவற்றில் ஆண் பெண் வித்தியாசமே தெரியவில்லை. எதை எடுத்துக்கொண்டாலும், ஒடுங்கிய இடம் கண்ணுக்குத் தெரிகிறபோது அதைப் பலூன் வைத்து விரிக்கலாம். "பெண்கள் கை அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் அந்த ஃபிஸ்டுலா அடைபட்டு, தோல்விக் கணக்கில் இன்னொன்றாகச் சேரும். டாக்டர் தயங்கவில்லை, அடுத்த வாரமே பலூன் என்று எழுதிவிட்டார்.

அது தேறாவிட்டால் கிராஃப்ட் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் குத்தலாம், அடைப்பு அதிகம் வரும் என்றாலும் ட்யூபைவிட மேல். 2003இல் அமெரிக்காவில் 'ஃபிஸ்டுலாதான் முதலில்' என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். நல்ல நோக்கம். ஆனால் தேறாத ஃபிஸ்டுலாவுக்காகக் காத்திருந்த காலமெல்லாம் கழுத்தில் ட்யூபோடு கழித்தவர்களும் உண்டு. அந்நாட்டின் 2019 வழிகாட்டுதல் ஒவ்வொருவருக்கும் அவரவர் வாழ்க்கைக்கேற்ற திட்டம் என்று மாறியிருக்கிறது. பெண்களுக்கு இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன்.

மே 20, செவ்வாய்

முதல் ஊசி. மெல்லிய 17 கேஜ். நானே குத்தினேன். முதலில் ஒரு ஊசி மட்டும் கையில், திரும்பும் ரத்தம் ட்யூப் வழியாக. மெஷின் பம்ப் நிமிடத்துக்கு 200 மில்லி. கை வீங்கவில்லை. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தார், நாலு மணி நேரமும் தூங்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

இரண்டு ஊசியும் கையிலேயே சில முறை நன்றாக ஓடிவிட்டதால் இன்று ட்யூபை எடுத்தார்கள். காயம் ஆறியதும் தலைக்குக் குளிக்கலாமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தாராளமாக.

டாக்டரிடம் ஒன்று கேட்டு ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். வெளிநோயாளிப் பிரிவில் வடிகட்டும் வேகம் 20க்குக் கீழே இறங்கிக்கொண்டே போகிறவர்கள் எல்லாருடைய பெயரும் எங்கள் பிரிவுக்கு வரும். பெண்களானால் கிரியேட்டினினைப் பார்த்து "இன்னும் நேரம் இருக்கிறது" என்று தள்ளிப்போடாமல் கை ஸ்கேனுக்கு எழுதுவது, கையைச் சூடாக்கிப் பட்டை கட்டி அளப்பது. முதல் பட்டியல் திங்கட்கிழமை வருகிறது. புறங்கையில் மட்டும் ரத்தம் எடுக்கவும் என்று அவர்கள் ஃபைல்களின் மேல் ஒட்டச் சிவப்புச் சீட்டு அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.