கூண்டுல நிக்கிறவருக்குக் கேக்குதா?

ஏ.பி.பி.யா (அரசு உதவி வக்கீல், போலீஸ் போடுற கேஸை கோர்ட்ல நடத்துறவர்) 8 வருஷம், மாஜிஸ்திரேட்ல ஆரம்பிச்சு செஷன்ஸ் ஜட்ஜ் வரைக்கும் 19 வருஷம், இப்போ 5 வருஷமா எதிரி தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல். எந்த சீட் கஷ்டம்னு ஜூனியர் பசங்க கேப்பாங்க. சீட்டை விடுங்க, ஒரே விஷயம் மூணு சீட்லயும் எனக்கு வேற வேறயா இருந்துச்சு, அதைத்தான் சொல்லணும்.

313 கேள்வி. சாட்சி விசாரணை முடிஞ்சதும் ஜட்ஜே எதிரியைப் பார்த்து "உங்களுக்கு எதிரா இன்னின்ன சாட்சியம் வந்திருக்கு, என்ன சொல்றீங்க"ன்னு கேக்கணும். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 313வது பிரிவு, 2024 ஜூலை 1லேருந்து புதுச் சட்டத்துல 351, ஆனா வாய்ல வர்றது இன்னும் 313தான். அதுக்கு சத்தியப் பிரமாணம் கிடையாது, வாயே திறக்காம நிக்கலாம், பொய் சொன்னாலும் அதுக்காகத் தண்டிக்க முடியாது.

ஏ.பி.பி.யா இருந்தப்போ என் கண்ணு பூரா சாட்சி மேலதான். மகஜர் சாட்சி (போலீஸ் பொருளைக் கைப்பத்தினதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்) கோர்ட்ல மாத்திச் சொல்லி பிறழ் சாட்சி ஆயிடுவாரோன்னு வயித்துல புளியைக் கரைக்கும், போலீஸ்ல அவர் சொன்ன 161 வாக்குமூலத்துல கையெழுத்தே இருக்காது, "நான் அப்படிச் சொல்லவே இல்ல"ன்னுட்டா என்ன பண்றது. எதிரிங்கிறவர் எனக்கு ஏ1, ஏ2, அவ்வளவுதான் (கோர்ட் தமிழ்ல அவருக்குப் பேரே எதிரி, யாருக்கு எதிரின்னு அப்போ யோசிச்சதில்ல). 313 நடக்கிற நேரத்துல நான் அடுத்த கேஸ் கட்டைப் பிரிச்சுக்கிட்டு இருப்பேன்.

மாஜிஸ்திரேட் ஆனப்புறம் அந்தக் கேள்வியைக் கேக்குறவனே நான். டைப் அடிச்சு வச்சிருப்பாங்க, மடமடன்னு படிப்பேன், "அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) இப்படிச் சாட்சி சொல்லியிருக்கார், என்ன சொல்றீங்க", "பொய் சாட்சிங்க", அடுத்தது, "பொய்ங்க". ஒரு திருட்டு கேஸ்ல ஒருத்தர் மட்டும் "அவர் என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கவே இல்லைங்கய்யா"ன்னாரு. பெஞ்ச் கிளார்க் அதுக்குள்ள "பொய்"னு எழுதியே முடிச்சுட்டாரு. அன்னிக்குத்தான் கூண்டு எங்க இருக்குன்னு நிமிர்ந்து பார்த்தேன். கதவோரமா, வராண்டா சத்தத்துக்கு நடுவுல. சாட்சிக் கூண்டு எனக்கு நாலடி தூரத்துல, சாட்சி என்னைப் பார்த்துப் பேசுவாரு, நானே சில நேரம் அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லணும். எதிரி முன்னிலையில சாட்சியம் பதிவாகணும்னு பழைய சட்டத்தோட 273வது பிரிவு சொல்லுச்சு, காதுல விழணும்னு யாரும் எழுதி வைக்கல.

பக்கத்துல கூப்பிட்டு ஒவ்வொரு சாட்சியத்தையும் படிச்சுக் காட்டச் சொன்னேன், அரை மணி நேரம் ஆச்சு. பொறுமையா கேட்டுட்டு "எல்லாம் பொய்ங்கய்யா"ன்னாரு. சிரிப்பு வந்துச்சு. தண்டனையும் கொடுத்தேன், சாட்சியம் அப்படி இருந்துச்சு. ஆனா ராத்திரி தூக்கம் வரல, அவருக்கு முன்னாடி வந்தவங்கள்ல எத்தனை பேர் கேக்காமலே "பொய்"னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க?

ரிடையர் ஆனதும், கடைசியா வேலை பார்த்த ஏரியாவுல ரெண்டு வருஷம் ஆஜராகக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதி, அதனால வேற மாவட்டம் போனேன். முதல் கட்சிக்காரர் என்கிட்ட கேட்டது "313க்கு நான் என்ன சார் சொல்லணும்?" நானும் கூசாம "பொய்னு சொல்லுங்க, மீதியை எழுதித் தாக்கல் பண்ணிக்கலாம்"னேன், 2009 திருத்தத்துலேருந்து அதுக்கு வழி இருக்கு.

ஆனா சாட்சி விசாரணை ஆரம்பிக்கும்போது எழுந்து "எதிரிக்குக் கேக்கல, கொஞ்சம் முன்னாடி நிக்க வைக்கணும்"னு கேட்டேன். இளம் மாஜிஸ்திரேட், அன்னிக்கு லிஸ்ட்ல 60 கேஸ், பாவம். "கேக்கும் சார், நீங்க ஆரம்பிங்க"ன்னாரு. ஏ.பி.பி. பக்கம் திரும்பினேன், ஒத்தாசைக்கு ஒரு வார்த்தை சொல்லுவாரான்னு. அவர் அடுத்த கேஸ் கட்டைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு.